மைக் இருக்கு, ஐடி கார்டு இருக்கு... சம்பளம்?

மாசத்துக்கு ஒருத்தராவது இந்தக் கேள்வியோடு வந்துவிடுகிறார்கள். சொந்தக்காரப் பையன், நண்பரோட பொண்ணு, மின்னஞ்சலில் முகம் தெரியாத தம்பி ஒருத்தர். "அண்ணே, விஸ்காம் முடிச்சிருக்கேன். டிஜிட்டல் மீடியால ரிப்போர்ட்டரா சேரணும். உங்களுக்குத்தான் எழுதுறவங்க நிறைய பேரைத் தெரியுமே, எங்கயாவது சொல்லி விடுங்களேன்."

நான் எழுதுறதே பொழுதுபோக்குக்கு. சோறு போடறது வேற வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒன்றரை வருஷம் எங்க தாலுகாவிலிருந்து ஒரு நாளிதழுக்கு வரிக்கணக்கில் செய்தி அனுப்பினேன், என் பத்திரிகை அனுபவம் அவ்வளவுதான். ஆனால் இந்தத் துறையில் இருக்கும் ஏழெட்டு பேரோடு இருபது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். வலைப்பதிவு ஆரம்பித்த காலத்தில் நம்மோடு எழுதிக்கொண்டிருந்த சிலர் அப்படியே பத்திரிகைக்கும் டிவிக்கும் போனது உங்களுக்கும் தெரியும். போனவர்களில் சிலர் நிலைத்தார்கள், சிலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கேட்டதையும் பார்த்ததையும் வைத்து என் கருத்தை இங்கே எழுதி வைக்கிறேன். அடுத்த தடவை யாராவது கேட்டால் சுட்டியைக் கொடுத்துடலாம் பாருங்க. :-)

என் கருத்து இதுதான். டிஜிட்டல் மீடியாவில் வேலை இருக்கிறது, நிறையவே இருக்கிறது. செய்தி சேகரிக்கிற வேலைதான் அதில் ரொம்பக் கொஞ்சம். ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு உள்ளே போகிற பிள்ளைகள்தான் ரெண்டு வருஷத்தில் நொந்து போய் வெளியே வருகிறார்கள்.

நம்பிக்கை இல்லைன்னா வேலை விளம்பரங்களை ஒரு வாரம் எடுத்துப் பாருங்க. கன்டென்ட் ரைட்டர், வெப் சப் எடிட்டர், சோஷியல் மீடியா எக்ஸிக்யூட்டிவ், வீடியோ எடிட்டர், ஆங்கர் கம் புரொட்யூசர். "வேகமாகத் தமிழில் தட்டச்சு செய்யத் தெரிந்திருக்க வேண்டும், எஸ்இஓ தெரிந்தால் முன்னுரிமை, ஷிப்டில் வேலை செய்யத் தயாராக இருக்க வேண்டும்." ஊர் சுற்றத் தெரிந்திருக்க வேண்டும், ஒரு கோப்பைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கிற விளம்பரத்தை நான் பார்த்து ரொம்ப நாளாச்சு.

சரி, உள்ளே போனா என்ன வேலை?

ஒரு ஷிப்டுக்கு இத்தனை செய்தி என்று கணக்கு இருக்கும். சுவரில் ஒரு பெரிய திரை, அதில் இந்த நிமிஷம் எந்தச் செய்தியை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று ஓடிக்கொண்டிருக்கும். கூகுளில் இப்போது என்ன தேடுகிறார்கள் என்று இன்னொரு பக்கம். அதைப் பார்த்து எழுத வேண்டும். காலையில் தங்கம் விலை. அப்புறம் ராசிபலன். நாளைக்கு எந்தெந்த ஏரியாவில் மின்தடை. ஒரு நடிகர் ஒரு மேடையில் ஒரு வரி சொன்னார் என்றால் அதை நானூறு சொல்லுக்கு இழுத்து, தலைப்பில் "காரணம் இதுதான்!" என்று முடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் திருவிழா. "எந்தெந்த மாவட்டங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை? இதோ முழு விவரம்!" உள்ளே போய்ப் பார்த்தால் "மாவட்ட ஆட்சியர் இன்னும் அறிவிக்கவில்லை" என்பதுதான் முழு விவரம். ஹிஹி.

எழுதுகிற பையனைக் குறை சொல்லாதீங்க. அவனுக்கும் வெட்கமாகத்தான் இருக்கும். ஏன் அப்படி எழுதச் சொல்கிறார்கள் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது.

ஒரு பேச்சுக்கு, ஆயிரம் பார்வைக்கு விளம்பரத்தில் ஐம்பது ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். (உண்மையான தொகை இடத்துக்கு இடம் மாறும், கணக்கு புரிவதற்காகச் சொல்றேன்.) ஒரு நிருபரும் புகைப்படக்காரரும் ஒரு மலைக்கிராமத்துக்குப் போய் ரெண்டு நாள் தங்கி, ஏன் அங்கே ஆம்புலன்ஸ் போக ரோடு இல்லை என்று எழுதுகிறார்கள். பஸ், சாப்பாடு, தங்கல் எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய் செலவு, சம்பளம் தனி. அதை எட்டாயிரம் பேர் படிக்கிறார்கள். வரவு நானூறு ரூபாய். அதே நாள் ஆபீஸில் உட்கார்ந்த இடத்தில் ஒருத்தர் கால்மணி நேரத்தில் பள்ளி விடுமுறைச் செய்தி தட்டுகிறார். மூணு லட்சம் பார்வை. வரவு பதினஞ்சாயிரம். நீங்க முதலாளியா இருந்தா அடுத்த மாசம் யாரை வேலைக்கு எடுப்பீங்க?

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. பார்வைக்குக் காசு என்று ஆன அன்றைக்கே வேலையின் வடிவம் முடிவாகிவிட்டது. அச்சுப் பத்திரிகையில் மலைக்கிராமச் செய்தியும் ராசிபலனும் ஒரே கட்டாக விற்றது. ராசிபலனுக்காக வாங்கினவரும் மலைக்கிராமத்துக்குச் சேர்த்தே காசு கொடுத்தார். இணையம் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தராசில் வைத்துவிட்டது. அதில் முதலில் அடிபட்டது நிருபர்தான்.

*

இன்னொரு விஷயம். இந்த டிஜிட்டல் வேலைகளின் ஆயுசு எவ்வளவு என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போவோம்.

நாம யூனிகோடில் தட்டுத்தடுமாறி எழுத ஆரம்பித்தபோது தமிழ்ப் பக்கங்களுக்குக் கூகுள் விளம்பரமே கிடையாது. ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். அதற்குமுன் 2015ல் ஃபேஸ்புக் 'இன்ஸ்டன்ட் ஆர்ட்டிகிள்ஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. செய்தியை எங்க வீட்டுக்குள்ளேயே போடுங்க, விளம்பரக் காசில் பங்கு தர்றோம் என்றார்கள். உலகம் முழுக்க செய்தி நிறுவனங்கள் ஃபேஸ்புக்குக்கென்றே ஆள் எடுத்தன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா தண்ணியாக ஓடியது, "இனி எழுத்து போச்சு, எல்லாம் வீடியோதான்" என்று எல்லாரும் கேமரா பக்கம் ஓடினார்கள். அதே மாசம்தான், வீடியோவை மக்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற கணக்கை ரெண்டு வருஷமாகக் கூட்டிக் காட்டிவிட்டோம் என்று ஃபேஸ்புக் ஒத்துக்கொண்டது. அதை யார் கவனித்தார்கள்! 2018 ஜனவரியில் செய்தியைக் குறைத்து நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளை முன்னால் காட்டப்போகிறோம் என்று அறிவித்தார்கள். ஃபேஸ்புக்கை நம்பி இருந்தவர்களுக்கு வாசகர் வரத்து சரிந்தது. 2023 ஏப்ரலில் இன்ஸ்டன்ட் ஆர்ட்டிகிள்ஸ் கடையையே மூடிவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் கூகுளின் ஏஐ சுருக்கம் இந்தியாவுக்கு வந்தது. கேள்வி கேட்டால் பதில் தேடல் பக்கத்திலேயே மேலே வந்துவிடும். தங்கம் விலைக்கும் மின்தடைக்கும் எதற்கு உங்க தளத்துக்குள்ளே வரணும்?

ஒவ்வொரு அலைக்கும் ஒரு பதவி பிறந்தது, அலை போனதும் பதவியும் போனது. நல்ல செய்தி இருந்தால் தப்பித்துவிடலாம் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் பஸ்ஃபீட் நியூஸ் 2021ல் புலிட்சர் பரிசு வாங்கியது. சீனாவின் ஷின்ஜியாங்கில் கட்டப்பட்ட தடுப்பு முகாம்களைப் பற்றிய தொடருக்காக. ரெண்டே வருஷம், 2023 ஏப்ரலில் அந்தச் செய்திப் பிரிவை மூடுவதாக அறிவிப்பு வந்துவிட்டது. அதனால் "பெரிய கம்பெனி, அவங்க பார்த்துப்பாங்க" என்று நினைத்துச் சேராதீங்க.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது என்னவென்றால், கருவியின் பேரில் இருக்கிற வேலை கருவியோடு போய்விடும். ரீல்ஸ் எடிட்டர் என்ற பதவி ரீல்ஸ் இருக்கும் வரைக்கும். மற்றவர் எழுதினதை மாற்றி எழுதுகிற வேலையை இப்போதே ஏஐ பாதி செய்துவிடுகிறது. அதன் தமிழ் நமக்கு எரிச்சலாக இருக்கலாம், ஆனால் ஷிப்ட் கணக்கு பார்க்கிறவருக்கு அது போதும். அதனால் போகாத இடம் ஒன்றுதான். தாலுகா ஆபீஸ் வராண்டாவில் நின்று, பட்டா கேட்டு ஆறு மாசமாக நடக்கும் கிழவியிடம் "உனக்கு என்ன பிரச்சினை ஆத்தா?" என்று அதனால் கேட்க முடியாது.

*

அப்போ அந்த வராண்டாவில் நிற்கிற ஆள் யார்? அங்கேதான் இந்தத் துறையின் பெரிய அசிங்கம் இருக்கிறது.

தாலுகா நிருபர், பகுதி நேர நிருபர் என்று ஒரு சாதி உண்டு. அச்சு காலத்திலேயே அவருக்குச் சம்பளம் கிடையாது. அச்சான வரிக்குக் காசு. நான் அனுப்பின காலத்தில் மாசக் கடைசியில் பத்திரிகைகளை வெட்டி ஒட்டி, அளந்து, பில் போட்டு அனுப்புவோம். பாதி செய்தி வந்திருக்காது, வந்ததிலும் பாதியை வெட்டியிருப்பார்கள். அவசரச் செய்தி என்றால் கவரில் போட்டு, கண்டக்டர் கையில் கொடுத்து, பஸ்ஸில் பதிப்பு ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். அந்த ஒன்றரை வருஷத்தில் பஸ்ஸுக்கும் டீக்கும் போக என் கையில் நின்றது என்று எதுவும் கிடையாது. பத்திரிகை ஏஜென்ட்டாக இருப்பவரே நிருபராகவும் இருப்பார். தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடித்துத் தர வேண்டும். அந்த கமிஷனில்தான் அவர் பிழைப்பு.

டிவி வந்தபோது இது மாறவில்லை. ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று ஆனது. டிஜிட்டல் வந்ததும் இன்னும் மோசம். இப்போது சில இடங்களில் ஐடி கார்டும் மைக்கும் கொடுக்கிறார்கள், சம்பளம் என்ற பேச்சே கிடையாது. "கார்டு கொடுத்தாச்சுல்ல, பிழைச்சுக்கோ" என்பது சொல்லாமல் சொல்லப்படுகிற நிபந்தனை. அந்த கார்டுக்கே பணம் கட்டச் சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள்.

என்னாகும்? பத்திரிகையாளர் சந்திப்பு முடிந்ததும் கவர் கொடுப்பார்கள். (நாங்க பஸ்ஸில் அனுப்பின கவர் இல்லை இது!) வாங்காதவன் அன்றைக்குப் பெட்ரோலுக்குக் கைக்காசு போட வேண்டும். வாங்கினவன் அடுத்த மாசம் அதே ஆளின் மணல் லாரியைப் பற்றி எழுத முடியாது. வண்டியில் 'பிரஸ்' என்று ஒட்டிக்கொண்டு சுற்றுகிறவர்களைப் பார்த்து நாம் எல்லோரும் சிரிக்கிறோம். அந்த ஸ்டிக்கருக்குப் பின்னால் சம்பளம் இல்லாத ஒரு வேலை இருக்கிறது என்பதை யோசிப்பதில்லை. எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. கவரைத் தொடாமல், மனைவியின் சம்பளத்திலோ ஜெராக்ஸ் கடை வருமானத்திலோ நிருபராக இருக்கும் மனிதர்களை எனக்கே ரெண்டு மூணு பேரைத் தெரியும். ஆனால் ஒரு தொழில் இப்படி மனிதர்களின் தியாகத்தில் ஓடினால் அது எத்தனை நாளைக்கு ஓடும்?

*

"இதுக்குத்தான் அண்ணே, எவன் தயவும் வேணாம், நானே யூடியூப் சேனல் ஆரம்பிச்சுடறேன்" என்பார்கள். நல்ல யோசனைதான். கேமராவும் எடிட்டிங்கும் இன்றைக்குக் கைபேசியிலேயே இருக்கிறது. தனி ஆட்கள் நல்ல வேலை செய்வதும் உண்மை.

ஆனால் ரெண்டு விஷயத்தை எடை போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, நம் நாட்டில் அவதூறு என்பது இன்னமும் கிரிமினல் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356வது பிரிவு. பெயர்தான் மாறியது. மணல், கல்குவாரி, பள்ளிக்கூடக் கட்டணம் என்று எதைத் தொட்டாலும் ஒரு வக்கீல் நோட்டீஸ் வரும். நிறுவனத்தில் இருந்தால் வக்கீல் இருப்பார், எழுதினதை ஒரு தடவை திருத்திப் பார்க்க டெஸ்க்கில் ஒருத்தர் இருப்பார். தனி ஆளுக்கு ரெண்டும் இல்லை. 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளத்தையே முடக்கினார்கள். அவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் முடக்கத்தை நீக்க வேண்டும் என்று மார்ச்சில் உத்தரவு வந்தது. கிட்டத்தட்ட நூறு வயசான நிறுவனத்துக்கே மூணு வாரம் ஆனது. ஒத்தை ஆளாக கைபேசியோடு நிற்கிற தம்பி என்ன செய்வார்?

ரெண்டாவது, மேலே போட்ட அதே கணக்கு யூடியூபிலும் உண்டு. பார்வைக்குத்தான் காசு. ஆறு மாசத்தில் "அதிர்ச்சி! கதறிய பிரபலம்!" என்று தம்ப்நெயில் வைக்க வேண்டிய நிலைக்கு அதுவே தள்ளிவிடும். தப்பிக்க நினைத்த டெஸ்க்கையே வீட்டுக்குள் கொண்டுவந்த கதைதான்.

*

சரி, குறையாகவே சொல்லிக்கிட்டு இருந்தா எப்படி, என்னதான் செய்யச் சொல்ற என்கிறீர்களா? எனக்குத் தெரிந்த நாலு விஷயம்.

1. நிறுவனத்தைத் தேடுவதற்கு முன் ஒரு துறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்திரிகைக்காரர்கள் 'பீட்' என்பார்கள். நீர்ப்பாசனம், கீழமை நீதிமன்றம், நெசவு, மீன்பிடி, அரசுப் பள்ளி, மருத்துவமனை, எதுவானாலும் சரி. உதாரணத்துக்கு மதுரையைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் எம். பழனி குமார். மலக்குழியில் இறங்கி வேலை செய்யும் தொழிலாளர்கள், மீனவர்கள், கடற்பாசி எடுக்கும் பெண்கள் என்று வருஷக்கணக்கில் சில வாழ்க்கைகளையே பின்தொடர்ந்தார். பி. சாய்நாத் 2014ல் தொடங்கிய 'பாரி' இணைய இதழ் அவரைப் பணியில் வைத்திருந்தது. ஆவணப் புகைப்படத்துக்காக 2022ல் தயானிதா சிங் - பாரி விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது அவருக்குத்தான். அவரிடம் இருக்கிற பரிச்சயத்தை எந்த எஸ்இஓ வகுப்பிலும் வாங்க முடியாது.

நம்ம பக்கத்து உதாரணமும் ஒண்ணு இருக்கு. தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான். வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஆர்வத்தில் மழைக்கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு அவர் ஒரு பதிவு போட்டால் பத்து செய்தித்தளம் அதை எடுத்துப் போடுகிறது. பத்து டெஸ்க்குக்கும் தீனி ஒருத்தருடைய ஆழத்திலிருந்து வருகிறது. அவருக்குச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

2. பீட் பிடிக்க யாருடைய ஐடி கார்டும் வேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டம் 2005லிருந்து இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு. பதில் வராததே சில சமயம் செய்தி. கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போய் உட்காருங்கள். தீர்மான நோட்டில் என்ன எழுதுகிறார்கள், கையெழுத்து போட்ட பிறகு என்ன சேர்க்கிறார்கள் என்று பாருங்கள். நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. இதையெல்லாம் ஒரு வருஷம் செய்து, ஐந்து நல்ல கட்டுரை கையில் வைத்துக்கொண்டு வேலை கேட்டுப் போகிற பையனும், "நல்லா தமிழ் டைப் பண்ணுவேன் சார்" என்று போகிற பையனும் ஒரே வரிசையில் நிற்க மாட்டார்கள்.

3. சேரும்போது நியமனக் கடிதம் கேளுங்கள். இதைச் சொன்னால் "அப்படிக் கேட்டா வேலை தர மாட்டாங்கண்ணே" என்பார்கள். கேளுங்க தம்பி. உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் 1955லேயே வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த மஜிதியா ஊதியக் குழுவின் பரிந்துரையை அரசு 2011 நவம்பரில் அறிவித்தது, உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரியில் அது செல்லும் என்றது. ஆனால் அதெல்லாம் செய்தித்தாளுக்கும் செய்தி நிறுவனங்களுக்கும்தான், டிவியும் இணையமும் அதில் இல்லை. 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது, பத்திரிகையாளர் என்பதன் விளக்கத்துக்குள் மின்னணு ஊடகமும் டிஜிட்டல் ஊடகமும் வந்துவிட்டன. வேலைக்கு எடுத்தால் நியமனக் கடிதம் தர வேண்டும் என்றும் இருக்கிறது. பழைய சட்டத்தில் இருந்த ஊதியக் குழு ஏற்பாடு போய்விட்டது என்பது பத்திரிகையாளர் சங்கங்களின் புகார், அதில் நியாயம் இருக்கிறது. என்றாலும் இணையத்தில் வேலை செய்கிறவரும் பத்திரிகையாளர்தான் என்று சட்டமே சொல்கிறது இல்லையா, அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். கடிதத்தில் 'கன்சல்டன்ட்' என்று போட்டிருக்கிறதா, 'ஊழியர்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு சொல்லில் பி.எஃப். இருக்கிறது, விடுப்பு இருக்கிறது, நாளைக்கு வெளியே அனுப்பினால் கேட்கிற உரிமை இருக்கிறது.

4. டெஸ்க் வேலைதான் கிடைக்கிறது என்றால் போங்கள். வாடகை கட்டணும், வீட்டுக்கு அனுப்பணும், அதில் தப்பே இல்லை. அங்கே கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது: தலைப்பு போடுவது, பிழை பார்ப்பது, எட்டு வரியில் விஷயத்தைச் சொல்வது. ஆனால் வாரத்தில் ஒரு நாளை உங்கள் பீட்டுக்கு என்று எடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனாலும் பரவாயில்லை. ரெண்டு வருஷத்தில் கையில் ஒன்றுமே இல்லாமல் நிற்கிறவர்கள் அந்த ஒரு நாளையும் ஷிப்டுக்குக் கொடுத்தவர்கள்தான்.

*

இனி நம்ம பக்கம் வருவோம். பிள்ளைகளுக்கு மட்டும் புத்தி சொல்லிட்டு எஸ்கேப் ஆக முடியாது.

பார்வைக்குக் காசு என்பதால்தான் வேலை இப்படி ஆனது என்றால், அதை மாற்ற ஒரு வழி வாசகர் நேராகக் காசு கொடுப்பது. தி இந்து, விகடன், நியூஸ்லாண்ட்ரி, நியூஸ் மினிட் என்று சந்தா கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழில் 2021ல் சமஸ் தொடங்கிய அருஞ்சொல்லும் வாசகர் ஆதரவைக் கேட்டே ஆரம்பித்தது. நாம் என்ன செய்கிறோம்? காலை ஆறு மணிக்கு டெலிகிராம் குழுவில் நாளிதழின் பிடிஎஃப் வந்துவிடுகிறது. வார இதழ் கடைக்கு வருவதற்கு முன் கைபேசிக்கு வருகிறது. 2020 மே மாதம் இப்படித்தான் ஒரு இந்தி நாளிதழின் மின்பதிப்பைச் சுற்றில் விட்ட குழுக்களை நீக்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. குழு போனால் இன்னொரு குழு. நாலு பேருக்கு அனுப்பி "படிச்சீங்களா, சூப்பர் கட்டுரை!" என்று வேறு எழுதுகிறோம். கட்டுரை சூப்பர்தான், எழுதினவருக்கு அடுத்த மாசம் வேலை இருக்கணுமே!

ஒரு சினிமா டிக்கெட், ஒரு பாப்கார்ன் காசில் பல தளங்களுக்கு மாசச் சந்தா கட்டிவிடலாம். எல்லாவற்றுக்கும் கட்டச் சொல்லவில்லை. வீட்டுக்கு ஒன்று. உங்க ஊர்ச் செய்தியை ஒழுங்காகத் தருகிற ஒரே ஒரு இடத்துக்கு.

"நாங்க எழுதினதுக்கே யாரும் காசு கொடுத்ததில்லை, நாங்க ஏன் கொடுக்கணும்?" என்று நம்மில் சிலர் கேட்பார்கள். கேட்கலாம். ஆனால் நாம் எழுதுவது நமக்குத் தெரிந்ததை, ராத்திரி சாப்பிட்ட பிறகு. ஒரு நாள் எழுதவில்லை என்றாலும் ஒன்றும் ஆகாது. நகராட்சிக் கூட்டம் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நடக்கும். அந்த நேரத்தில் நீங்களும் நானும் ஆபீஸில் இருப்போம். குப்பை டெண்டரை யாருக்கு எவ்வளவுக்குக் கொடுத்தார்கள் என்று அங்கே உட்கார்ந்து குறிப்பெடுக்க ஒருத்தர் வேண்டும். கவரைத் தொடாமல் வீட்டுக்குத் திரும்பிப் போகிற அளவுக்கு அவருக்கு ஒரு சம்பளமும் வேண்டும். அந்த நாற்காலி காலியாக இருக்கிற ஊர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது என்பதுதான் என் பயம். காலியாக இருக்கிறது என்பதே நமக்குத் தெரியாது, ஏன்னா அதைச் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

ஊடகத்தில் இருக்கிற பதிவர்கள் பின்னூட்டத்தில் வந்து நான் சொன்னதில் எது சரி, எது இல்லை என்று சொன்னால் சந்தோஷப்படுவேன். முக்கியமாக, இப்போது மாவட்டத்தில் ஒழுங்காகச் சம்பளம் கொடுத்து நிருபர் வைத்திருக்கிற இடங்கள் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். கேட்டு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல சேதி நாலாவது வேணும்.

டிஸ்கி: இது முழுக்க என் சொந்தக் கருத்து. எந்த நிறுவனத்தையும் மனசில் வைத்து எழுதவில்லை. தொப்பி சரியாகப் பொருந்தினால் போட்டுக்கொள்ளலாம், ஆனால் நியமனக் கடிதம் கொடுத்துவிட்டு. :-)